பம்ப் ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும்: மண்ணில்லாத் தோட்டத்துக்குக் கரண்ட் இல்லாமல் தண்ணீர்

மார்ச் மாதக் கடைசி. பராமரிப்புப் பணி என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். பதினொன்றரை மணிக்கு மாடிக்குப் போனேன். பி.வி.சி. குழாயில் ஓட்டை போட்டு வரிசையாக வைத்திருந்த பாலக்கீரை முழுக்கத் தலை தொங்கிப்போய்க் கிடந்தது. இலையைத் தொட்டால் பழைய துணி மாதிரி துவண்டது. அதற்கு இரண்டடி தள்ளி ஒரு பழைய பெயின்ட் வாளி. அதன் மூடியில் செருகியிருந்த வள்ளைக்கீரை, ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து நின்றது. அந்த வாளியில் மோட்டாரே கிடையாது.

குழாயில் இருந்தது என்.எஃப்.டி. என்கிற முறை. 1960களில் இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் என்பவர் உருவாக்கியது. வேருக்கு அடியில் மெல்லிய படலமாகச் சத்துக்கரைசல், அதாவது உரம் கரைத்த தண்ணீர், ஓடிக்கொண்டே இருக்கும். வேரின் மேல்பாதி காற்றில் இருக்கும். தண்ணீரும் ஆக்சிஜனும் ஒன்றாகக் கிடைப்பதால் செடி வேகமாக வளரும். ஆனால் மோட்டார் நின்றால் அந்தப் படலம் சில நிமிடங்களில் வடிந்துவிடும். மண்ணில் நட்ட செடிக்கு மண்ணே சேமிப்புக் கிடங்கு. இங்கே கிடங்கு கிடையாது. அன்றாடம் வாங்கி அன்றாடம் சமைக்கிற குடும்பம்.

அன்றுதான் கரண்ட் இல்லாத முறைகளைத் தேட ஆரம்பித்தேன். தேடினால் முதலில் வந்து விழுபவை "ஆற்றலே இல்லாமல் 24 மணி நேரமும் ஓடும் பம்ப்" வகை வீடியோக்கள். அவற்றுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 9.8 ஜூல் ஆற்றல் வேண்டும். இதில் யாருக்கும் தள்ளுபடி கிடையாது. குழாயை மாற்றினாலும் வால்வை மாற்றினாலும் இந்த 9.8 குறையாது. நம் ஊரில் ஏற்றம் இறைத்தபோது மேலே ஏறி மிதித்தவர் இதைக் கொடுத்தார். கமலையில் மாடு கொடுத்தது. மோட்டார் வந்தபின் மின்வாரியம் கொடுக்கிறது. ஆக, "ஆற்றல் இல்லாமல்" தண்ணீர் மேலே ஏறாது. "கரண்ட் இல்லாமல்" தாராளமாக ஏறும். எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: இதற்குக் கூலி யார் கொடுக்கிறார்கள்?

என் குழாய்த் தோட்டத்தில் 18 வாட் மோட்டார். மணிக்கு 500 லிட்டரை ஒரு மீட்டர் உயர்த்துகிறது என்று வைத்துக்கொண்டால், தண்ணீரைத் தூக்குவதற்கு மட்டும் தேவைப்படுவது 1.4 வாட்டுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் மோட்டாரின் சூட்டிலும் குழாயின் உராய்விலும் போகிறது. அப்படியும் ஒரு நாளைக்கு அரை யூனிட்கூட ஆகாது. அதனால் கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது இந்த வேலையில் இறங்கினால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. இந்த முறைகளின் லாபமே வேறு: மோட்டார் பழுதாகுமே, கரண்ட் போகுமே, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்கிற கவலை இல்லை.

கெரசின் அடுப்பு புழங்கிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு வகை நினைவிருக்கும். பம்ப் ஸ்டவ்வில் காற்றடித்து அழுத்தம் ஏற்ற வேண்டும். சத்தம் போடும், பின் போட்டு அடைப்பெடுக்க வேண்டும், வேகமாக எரியும். திரி ஸ்டவ்வில் ஒன்றும் செய்ய வேண்டாம். கீழே கெரசின், நடுவில் திரி, மேலே நெருப்பு. எண்ணெய் தானாக ஏறிவந்து எரியும். என்.எஃப்.டி. பம்ப் ஸ்டவ். நாம் பார்க்கப்போவது திரி ஸ்டவ்.

திரியில் எண்ணெய் ஏன் ஏறுகிறது? நூல் இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகளில் திரவம் இழையோடு ஒட்டிக்கொண்டு மேலே இழுபடுகிறது. இதை நுண்புழை ஏற்றம் என்பார்கள். இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழலில் தண்ணீர் சுமார் 15 சென்டிமீட்டர் ஏறி நிற்கும். ஆரத்தைப் பாதியாக்கினால் உயரம் இரட்டிப்பாகும்; ஆனால் ஓட்டம் மிகவும் மெதுவாகிவிடும். உயரமும் வேகமும் ஒன்றுக்கொன்று ஆகாது. திரி முறைத் தோட்டத்தின் எல்லைகள் அத்தனையும் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருகின்றன.

செய்துபார்க்க ஒரு டம்ளர், துணித்துண்டு, பள்ளிக்கூட ஸ்கேல் போதும். துணியை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஸ்கேலோடு சேர்த்துக் கட்டி, அடிமுனை தண்ணீரில் இருக்கும்படி நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கண்முன்னால் விறுவிறுவென்று ஏறும். அதன்பின் நடை தளரும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஈரக்கோடு எங்கே நிற்கிறது என்று தெரியும். அந்தக் கோட்டில் பாதி உயரம்தான் அந்தத் துணியை நம்பிச் செடி வைக்கத் தகுந்த உயரம் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. தண்ணீர் கோடு வரைக்கும் போகும், ஆனால் செடிக்குப் போதுமான அளவு போகாது.

தொட்டி கட்டுவது சுலபம். கீழே சத்துக்கரைசல் உள்ள வாளி அல்லது டப்பா. அதன் மேல் அடியில் ஓட்டை போட்ட சிறு தொட்டி. தொட்டியில் தேங்காய் நார்த்தூள், கொஞ்சம் பெர்லைட் (எரிமலைக் கல்லைப் பொரித்துச் செய்த, எடை குறைந்த வெள்ளைத் துகள்). ஓட்டை வழியாக இரண்டு மூன்று திரிகள் இறங்கி வாளியின் அடிவரை தொங்க வேண்டும். மேல்பகுதி தொட்டிக்குள் வேர் இருக்கும் உயரம்வரை பரவியிருக்க வேண்டும். கரைசல் மட்டத்துக்கும் தொட்டியின் அடிக்கும் இடையே ஒரு சாணுக்குள் இருந்தால் நல்லது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டியாக அழுத்தி வரும் நார்த்தூளில் உப்பு இருக்கலாம். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசாமல் போடாதீர்கள்.

முதல் முறை நான் திரிக்குப் பழைய வேட்டியைக் கிழித்தேன். அருமையாகத் தண்ணீர் இழுத்தது. மூன்றாவது வாரம் செடி வாடியது; தூக்கிப் பார்த்தால் தண்ணீரில் இருந்த பகுதி கொழகொழவென்று அழுகி, தொட்டதும் பிய்ந்து வந்தது. பருத்தி நல்ல திரிதான், ஆனால் ஈரத்திலேயே கிடந்தால் மட்கும். அடுத்து நைலான் கயிறு போட்டேன். அது அழுகவே இல்லை, தண்ணீரையும் இழுக்கவே இல்லை. இப்போது ஸ்வெட்டர் பின்னுகிற அக்ரிலிக் நூலை நாலைந்து இழை சேர்த்து முறுக்கிப் போடுகிறேன். புது நூலில் எண்ணெய்ப் பசை இருக்கும். சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து அலசி, ஈரத்தோடேயே தொட்டியில் செருக வேண்டும். காய்ந்த திரி தானாக நனைந்து ஏறும்வரை செடி காத்திருக்காது.

இதில் கூலி கொடுப்பது யார்? இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் "நுண்புழை விசை" என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. அது பாதிதான். நுண்புழை விசை தண்ணீரை ஓர் உயரம்வரை ஏற்றி நிறுத்திவிடும். மேலே யாராவது அதை எடுத்தால்தான் அடுத்த சொட்டு ஏறும். விளக்கில் எடுப்பது நெருப்பு. தொட்டியில் எடுப்பது வேர். வேரிடமிருந்து எடுப்பது இலை. இலையிடமிருந்து எடுப்பது வெயில். இலையின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகும்போது, தண்டுக்குள் இருக்கும் நீர்த்தாரை முழுவதும் நூல் பிடித்து இழுப்பதுபோல் மேலே இழுபடுகிறது. டிக்சன், ஜோலி என்ற இருவர் 1894இல் முன்வைத்த விளக்கம் இது. தென்னை மரத்தின் உச்சிக்கு எந்த மோட்டாரும் இல்லாமல் தண்ணீர் போவது இப்படித்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சூரியன் செலவழிப்பது சுமார் 24 லட்சம் ஜூல். அதே லிட்டரை ஒரு மீட்டர் தூக்க வேண்டியது 10 ஜூல்கூட இல்லை. இவ்வளவு பெரிய கொள்முதலில் தூக்குக்கூலி கொசுறாகக் கிடைத்துவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, செடி தன் தேவைக்குத் தானே எடுத்துக்கொள்வது. மதியம் வெயில் ஏறினால் அதிகம் இழுக்கும். மேகம் போட்டால் குறைக்கும். இரவில் ஏறக்குறைய நிறுத்திவிடும். டைமர் போட்ட மோட்டாருக்கு வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் கீழிருந்து மேலே மட்டுமே போவதால் செடி எடுக்காத உப்பு நார்த்தூளின் மேற்பரப்பில் வெள்ளையாகப் படியும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மேலிருந்து வெறும் தண்ணீர் ஊற்றி அலசிவிட வேண்டும். அலசிய தண்ணீர் கரைசல் வாளிக்குள் போகாமல் தொட்டியைத் தனியே தூக்கிவைத்துச் செய்யுங்கள். இரண்டாவது, தக்காளி மாதிரி பெரிய செடி வெயில் நாளில் இரண்டு லிட்டர்கூடக் குடிக்கும். திரியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. புதினா, வல்லாரை, வெந்தயக்கீரை, துளசி இவற்றோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

திரியையும் தூக்கிப்போட்டுவிட்டு வேரையே தண்ணீரில் விட்டால் என்ன? அந்தப் பெயின்ட் வாளியில் இருப்பது அதுதான். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி எழுதிப் பரவலாக்கிய முறை என்பதால் கிராட்கி முறை என்றே பெயர். வாளி நிறையச் சத்துக்கரைசல். மூடியில் ஓட்டை. ஓட்டையில் செடி வைத்த வலைக்கிண்ணம். கிண்ணத்தின் அடி மட்டும் கரைசலில் பட வேண்டும். அவ்வளவுதான், மூடிவிட்டுப் போய்விடலாம். ஒரு லெட்யூஸ் செடிக்கு நான்கு லிட்டர் கரைசல் இருந்தால் அறுவடைவரை மறுபடி ஊற்ற வேண்டியதே இல்லை.

வேர் மூழ்கினால் அழுகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் ஈரக்காற்று நிறைந்த இடைவெளி உருவாகும். அந்த இடைவெளியில் இருக்கும் மேல்வேர்கள் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுக்கப் பழகிக்கொள்ளும். அடிவேர்கள் தண்ணீரையும் சத்தையும் எடுக்கும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மேலே இருப்பவை குட்டையாக, பஞ்சுபோல் கிளை விட்டிருக்கும். கீழே இருப்பவை நீளமாக, வழுவழுவென்று தொங்கும்.

புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். மட்டம் பாதியாகக் குறைந்ததைப் பார்த்து மனசு கேட்காமல் விளிம்புவரை நிரப்பிவிடுவார்கள். காற்றுக்குப் பழகிய வேர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் மூழ்கி மூச்சடைத்துவிடும். இரண்டு நாளில் செடி மஞ்சளாகும். கீரைபோல் வெட்ட வெட்ட வளரும் செடிக்கு இடையில் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால், காற்று வேர்கள் மூழ்காத அளவுக்கு, வாளியின் கால்பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்குவரை மட்டும் ஊற்றுங்கள்.

நம் ஊர் வெயிலுக்குக் கிராட்கி வாளியில் வேறு இரண்டு சிக்கல் உண்டு. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கும். சூடான, காற்றில்லாத தண்ணீர் வேரழுகலுக்குப் பந்தி விரித்தது மாதிரி. வாளிக்கு வெளியே வெள்ளைப் பெயின்ட் அடித்து, நிழல்வலைக்குள் வைத்து, முடிந்தால் ஈரச்சாக்கு சுற்றிவையுங்கள். ஒளி ஊடுருவும் டப்பா வேண்டாம், உள்ளே பாசி பிடிக்கும். இன்னொன்று கொசு. தேங்கிய, மூடாத, சுத்தமான தண்ணீர்தான் டெங்குக் கொசு தேடுவது. மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே பென்சில் நுழைகிற சந்து இருந்தால்கூடக் கொசு நுழைந்துவிடும். பழைய கொசுவலைத் துண்டை வைத்து அடைத்துவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் லெட்யூஸுக்கு ஆசைப்படாமல் வள்ளைக்கீரை வைப்பது என் வழக்கம். அது தண்ணீரிலேயே பிறந்தது; சூட்டைப் பொருட்படுத்தாது. கரைசலையும் வெயில் காலத்தில் கொஞ்சம் நீர்த்தே கலக்குவேன். செடி சத்தைவிடத் தண்ணீரை வேகமாக எடுப்பதால், மிச்சமிருக்கும் கரைசல் நாளுக்கு நாள் கெட்டியாகும்.

சரி, தண்ணீரை நிஜமாகவே பல மீட்டர் மேலே ஏற்ற வேண்டும் என்றால்? அதற்குக் கரண்ட் இல்லாத ஒரு நேர்மையான இயந்திரம் உண்டு: ஹைட்ராலிக் ராம். வீட்டில் வேகமாக ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் "டம்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அந்த அடிதான் இதன் மூலதனம். ஓடையிலிருந்து சரிவாக வரும் குழாயில் தண்ணீர் வேகம் பிடிக்கிறது. ஒரு வால்வு வழியாக வெளியே கொட்டுகிறது. வேகம் கூடியதும் அந்த ஓட்டமே வால்வை இழுத்து மூடிவிடுகிறது. போக வழியில்லாத தண்ணீர் ஓங்கி அடிக்கிறது. அந்த அழுத்தத்தில் இன்னொரு வால்வு திறந்து, கொஞ்சம் தண்ணீர் காற்று அடைத்த கலத்துக்குள் ஏறி, அங்கிருந்து மேல்குழாய்க்குப் போகிறது. அழுத்தம் தணிந்ததும் முதல் வால்வு தன் எடையால் மறுபடி திறக்கிறது. டக்... டக்... என்று நிமிடத்துக்குப் பல தடவை, இரவும் பகலும்.

1772இல் இங்கிலாந்தில் ஜான் வைட்ஹர்ஸ்ட் இதைக் கையால் குழாய் திறந்து மூடும் வடிவில் செய்தார். 1796இல் தானாக இயங்கும்படி ஆக்கியவர் ஜோசப் மோன்கோல்ஃபியர்; சூடான காற்று பலூனைப் பறக்கவிட்ட சகோதரர்களில் ஒருவர். இன்றும் பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவை மையமாகக்கொண்டு மலைக் கிராமங்களுக்கு இந்தப் பம்ப்பைச் செய்துகொடுக்கும் ஏ.ஐ.டி.எஃப்.ஐ. என்ற அமைப்பு 2011இல் மகசேசே விருது பெற்றது.

கூலி கணக்கு இதிலும் தெளிவு. நிமிடத்துக்கு 60 லிட்டர் தண்ணீர் 2 மீட்டர் இறங்குகிறது. அதைக்கொண்டு 10 மீட்டர் ஏற்ற வேண்டும். இயந்திரத்தின் திறன் 60 சதவீதம். மேலே போய்ச் சேர்வது நிமிடத்துக்கு 7.2 லிட்டர். நாளுக்குப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல், குறைவில்லை. ஆனால் மிச்சம் 52.8 லிட்டர் கீழே கொட்டிவிடுகிறது. இறங்குகிற எட்டுப் பேர் சேர்ந்து ஒருவரைத் தூக்கிவிடுகிற கதை.

அதனால்தான் இது மாடித் தோட்டத்துக்கு ஆகாது. வற்றாத ஓடையும் சரிவும் வேண்டும். மலைப்பகுதியில் நிலம் வைத்திருப்பவருக்குப் பொருந்தும். அங்கேயும் சத்துக்கரைசலை ராமில் விடக் கூடாது. பத்தில் ஒன்பது பங்கு உரம் ஓடையில் கலந்து போய்விடும். வெறும் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றி, அங்கே உரம் கலந்து, புவியீர்ப்பில் கீழே செடிகளுக்கு இறக்க வேண்டும். வடிந்ததைச் சுற்றுக்கு விடும் வேலை ராமால் ஆகாது.

வளைந்த குழாய் வழியே தண்ணீரைத் தானாக வடிக்கும் சைஃபனைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. குழந்தைக் கண்ணனைத் தலையில் சுமக்கும் வசுதேவர் கிண்ணத்தில், தண்ணீர் கண்ணன் காலைத் தொட்டதும் மொத்தமும் வடிந்துவிடும். மீன் தொட்டியோடு சேர்த்துச் செய்யும் கூழாங்கல் பாத்திகளில் வைக்கும் மணி சைஃபனும் அதே தத்துவம்தான். பாத்தி நிரம்பியதும் தானாக வடித்து, வேருக்குக் காற்று கொடுக்கும். வடிப்பது இலவசம். நிரப்புவது இல்லை.

இப்போது அந்த வீடியோக்கள். இரண்டு பாட்டில், ஒரு டியூப், பசை. தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அலெக்சாண்ட்ரியாவின் ஹீரோன் என்ற பழங்கால கிரேக்கப் பொறியாளர் காலத்து நீரூற்றின் ஏதோ ஒரு வடிவம். மேல்கிண்ணத் தண்ணீர் கீழே இறங்கி முடியும்வரை உண்மையாகவே பீய்ச்சும், பிறகு நின்றுவிடும். நிற்கும் இடத்தை வீடியோவில் வெட்டிவிடுவார்கள். அல்லது சட்டகத்துக்கு வெளியே ஒரு சின்ன மோட்டார் இருக்கும். திரியால் தண்ணீரை மேலே ஏற்றி, அங்கிருந்து சொட்டச் செய்து சக்கரம் சுற்றலாம் என்கிற யோசனையும் வெகு பழையது. நடக்காது. தண்ணீரை எந்த ஒட்டுவிசை மேலே இழுத்ததோ, அதே விசை உச்சியில் அதைச் சொட்டவிடாமல் பிடித்துக்கொள்ளும். திரியின் மறுமுனையை வாளியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டால் மட்டும் சொட்டும். ஈரத்துண்டை வாளி விளிம்பில் போட்டுவிட்டுத் தூங்கியவர் வீட்டில் காலையில் தரை நனைந்திருப்பது அப்படித்தான்.

எல்லாவற்றையும்விட எளிய பம்ப் நம் கைதான். 1940களின் பிற்பாதியில் வங்காளத்து மலையூரான கலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வகுத்த வங்காள முறை, தொட்டியில் சரளையும் மணலும் போட்டு, உலர்ந்த உரக்கலவையைத் தூவி, கையால் தண்ணீர் ஊற்றுவதுதான். மோட்டாரோ கண்ணாடி வீடோ வாங்க முடியாதவர்களுக்காகவே செய்தது. இன்னொரு பழைய வழி: செடிப் பாத்தியின் அடியில் ஒரு ஹோஸை மாட்டி, மறுமுனையை வாளியில் பொருத்தி, வாளியைத் தூக்கி ஆணியில் மாட்டினால் பாத்தி நிரம்பும், பத்து நிமிடம் கழித்து இறக்கிவைத்தால் வடியும். 20 லிட்டர் வாளியை ஒரு மீட்டர் தூக்க 196 ஜூல். அரை கிராம் நிலக்கடலைப் பருப்பு ஒன்றைத் தின்றால், உடம்பில் வீணாவது போக, பத்துத் தடவைக்கு மேல் தூக்கலாம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மாடிக்குப் போகிறவருக்கு இதைவிட நம்பகமான ஏற்பாடு வேறில்லை என்பேன். ஊருக்குப் போகிறவருக்குத் திரியும் கிராட்கியும்.

என் குழாய்த் தோட்டத்தை நான் கலைக்கவில்லை. வடிகால் முனையில் மட்டும் ஒரு சின்னத் தடுப்பு ஒட்டி, மோட்டார் நின்றாலும் குழாய்க்குள் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கும்படி செய்துவிட்டேன். மோட்டாரும் இப்போது மணிக்குக் கால்மணி நேரம்தான் ஓடுகிறது. அடுத்த மாதம் பராமரிப்பு என்று மறுபடி கரண்ட் போனது. சாயங்காலம் துணி எடுக்கப் போனபோதுதான் பாலக்கீரையைப் பார்த்தேன். விளிம்பில் இரண்டு இலை லேசாகச் சுருண்டிருந்தது, அவ்வளவுதான்.